சீலருக்குக் கீழே கிடந்த பலகை

அன்றைக்கு அந்தப் பலகைத் தளத்தில் நின்ற ஆட்கள் இவர்கள்தான்.

நவம் அண்ணை நின்றார். வேலைக்குப் பொறுப்பு அவர். யோகன் நின்றான். வாய் மூடாதவன், ஆனால் நல்ல கை. கனடாக்காரர் நின்றார். வீடும் தளமும் அவருடையது. நான் நின்றேன். ஒரு நாய் நின்றது, அது ஒருவருடையதும் இல்லை. ராணி அக்கா பின்னேரம் வந்தா. நவம் அண்ணையின் தங்கச்சி.

அவ்வளவுதான். இப்போது ஊரில் கனபேர் "நானும் நிண்டனான்" என்கிறார்கள். நிற்கவில்லை.

யோகன் இன்றைக்குத் தனியாக ஆள் வைத்து வேலை எடுக்கிறான். பெயின்ற், பொலிஷ் வேலைக்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, வேலையை விட்டிட்டியள். சும்மாதானே இருக்கிறியள். அந்த டெக் கதையை எழுதித் தாங்கோ."

"நான் ஆறாம் வகுப்பு."

"வாசிக்கிற நாங்கள் அஞ்சாம் வகுப்பு. உங்கடை ஆறு காணும்."

எழுதுகிறேன். அவன் கேட்டதற்காக மட்டும் இல்லை. எனக்கும் ஒரு தேவை இருக்கிறது. கடைசியில் சொல்வேன்.

நான் வேலை பழகிய கதை பெரிய கதை இல்லை. என் மனிசன் செத்துப்போனார். நவம் அண்ணை வல்வெட்டித்துறையில் ஒரு வீட்டுக் கதவுக்குப் பொலிஷ் அடித்துக்கொண்டு நின்றார். படலையில் நின்று, சாண்ட் பேப்பர் பிடிக்க ஆள் வேணுமோ என்று கேட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "நாளைக்கு வாரும்" என்றார். இரண்டு வருசம் சாண்ட் பேப்பர். பிறகு புட்டி. பிறகு பிரஷ். நான் ஏணியில் ஏறினால் றோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிற்பாட்டிப் பார்த்தார்கள். பிறகு பார்க்கவில்லை.

நவம் அண்ணை ஓடாவி குடும்பம். வள்ளம் கட்டுகிற தச்சனை எங்கள் பக்கத்தில் ஓடாவி என்போம். ஃபைபர் வள்ளம் வந்த பிறகு அவர் உளியை வைத்துவிட்டுப் பிரஷை எடுத்தார். அதற்காக ஒரு நாளும் கவலைப்பட்டுக் கதைத்ததில்லை. "மரம் மரம்தானே" என்பார்.

அவர் ஏச மாட்டார். அதுதான் பயம். நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக்காரர் வீட்டில், கெதியாக முடிக்க நினைத்து, பழைய பூச்சை உரிக்கச் சோடா பூசின கதவை யோகன் இரும்புத் தும்பால் தேய்த்துவிட்டான். விடியப் போய்ப் பார்த்தால் கதவு முழுக்கக் கறுப்புப் புள்ளி. வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "என்ன தம்பி, கதவுக்கு அம்மாள் வருத்தம் வந்திட்டுதோ?" நவம் அண்ணை ஒரு கதிரை கேட்டு வாங்கி யோகனை அதில் இருத்தினார். முழுக் கதவையும் தானே திரும்பச் செய்தார். யோகன் எழும்பினால் "இரும்" என்றார். வேறு ஒரு சொல் இல்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன் என்று யோகன் இன்றைக்கும் சொல்வான்.

மற்றது, "பொறு." அது அவருடைய சொல். சோடாவைப் பூசினால் அது வேலை செய்யும்வரை நிற்கவேண்டும். முந்திச் சுரண்டினால் வராது. பிந்தினால் மரத்தைத் தின்னும். நாங்கள் சுரண்டியைத் தூக்கினால் "பொறு" என்பார். நேரம் வந்தால் அதுவும் சொல்ல மாட்டார். தான் குனிவார். நாங்களும் குனிவோம்.

கனடாக்காரரின் வீடு தொண்டைமானாற்றில் நீரேரிக் கரையில். சன்னதிக் கோயிலுக்கு வருகிற வெளிநாட்டு ஆட்களுக்கு அறை வாடகைக்குக் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்ப் பக்கம் பார்க்க, மரப்பலகையால் ஒரு தளம் போட்டிருந்தார். டெக் என்பார். அங்கே இருந்து பியர் குடிக்கலாம், படம் எடுக்கலாம். பழைய பலகை வாங்கி, மேலாகத் தேய்த்து, கடும் மண்ணிற ஸ்ரெயின் அடித்து, மேலே தண்ணீர் ஊறாமல் சீலர் இரண்டு தரம் அடித்திருந்தது. எங்கள் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் சீலர் நிற்குமோ? வெங்காயச் சருகுபோல எழும்பிவிட்டது. அதற்குக் கீழே ஸ்ரெயின் திட்டுத் திட்டாக நின்றது.

"எல்லாத்தையும் எடுத்திடுங்கோ அண்ணை. மரத்தின்ரை சொந்த நிறம் வரவேணும்" என்றார் கனடாக்காரர்.

"மெசினைப் போட்டால் மத்தியானத்துக்கிடையிலை முடிஞ்சுது" என்றான் யோகன்.

"மெசின் மேலை கிடக்கிறதையும் தின்னும், மரத்தையும் தின்னும்."

"சம்பளம் இல்லாமல் தின்னுது. விடுங்கோவன் அண்ணை."

நவம் அண்ணை அடுப்பை மூட்டினார்.

அவருடைய முறையை எழுதுகிறேன். கோதம்பை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிட வேண்டும். வேறு பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர். தண்ணீருக்குள் காஸ்ரிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவுக்கு மேலே தண்ணீர் ஊற்றினால் முகத்துக்குப் பொங்கும். சூடு ஆறினதும் கஞ்சியில் கலக்க வேண்டும். கஞ்சி எதற்கு என்றால், சோடா ஓடாமல் பலகையில் பிடித்து நிற்பதற்கு. பூசுவதற்குத் தென்னந்தும்பு. மயிர் பிரஷைச் சோடா கரைத்துவிடும். காயவிடக் கூடாது. காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சுரண்டுவதற்கு இரும்பு கூடாது. அண்ணை பனைமட்டையைச் சப்பையாகச் சீவி வைத்திருந்தார். பிறகு கழுவி, வினாகிரியைத் தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். சோடாவை அடக்குவதற்கு.

அடங்கிவிட்டதோ என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு. பலகையில் சோடா நின்றால் மஞ்சள் சிவக்கும். குங்குமம் மாதிரியே சிவக்கும். சோடா போய்விட்டால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். அதன் பிறகுதான் புது எண்ணெயோ சீலரோ அடிக்கலாம்.

முதல் மூலையில் பூசினோம். தேத்தண்ணீர் வந்தது. குடித்துக்கொண்டு நின்றோம்.

"ஆர் மீன் கழுவினது?" என்றான் யோகன். நாயைப் பார்த்தான். "உதுதான் எங்கையோ உருண்டிட்டு வந்திருக்கு."

நாய் இல்லை. பலகை மணந்தது. சீலர் இளகி வர வர, கீழே இருந்து மீன் ஈரல் மணம் வந்தது. நவம் அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

"சுறா எண்ணெய்" என்றார். "வள்ளப் பலகை இது."

எங்கள் ஆட்கள் மர வள்ளத்துக்குச் சுறா எண்ணெய்தான் பூசுவார்கள். கனடாக்காரருக்குச் சந்தோசப் புளுகம். "அப்பிடியோ அண்ணை? பழைய வள்ளமோ? அதைச் சொல்லி நல்ல படம் போடலாம்."

அண்ணை குனிந்தார். நாங்களும் குனிந்தோம். மட்டையால் தள்ளத் தள்ள ஸ்ரெயினும் சீலரும் கறுத்தக் களியாக வந்தது. தளம் போட்ட தச்சன் பழைய ஓட்டைகளைப் புட்டியால் அடைத்திருந்தான். அதுவும் இளகிக் கழன்றது. எனக்குப் பக்கத்துப் பலகையின் நுனியில் அண்ணை சுரண்டிக்கொண்டிருந்தார். அவருடைய கை நின்றது.

பலகை நுனியில் உளி வெட்டு. இரண்டு நீட்டு வெட்டு. பக்கத்தில் ஒரு கட்டை வெட்டு.

அவர் விரலை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். பிறகு பக்கத்துப் பலகையில், நேரம் வர முந்தியே, வெறுங்கையால் களியை வழித்தார். கையுறை இல்லாத கை. சோடா. "அண்ணை, கை!" என்று கத்தினேன். கேட்கவில்லை. வழித்துக்கொண்டே போனார்.

அந்தப் பலகையின் நடுவில் ஒரு ஒட்டுத்துண்டு. மற்ற மரம் இலுப்பை, கறுப்பு. ஒட்டு பலா, மஞ்சள். ஒட்டின் ஒரு பக்கத்தில் ஒரு சதுர ஓட்டை, அதற்குள் மரமுளை அடித்து அடைத்திருந்தது.

நான் தண்ணீரை வாளியோடு அவருடைய கையில் ஊற்றினேன். தோல் வெந்துவிட்டது. அவர் கையைப் பார்க்கவே இல்லை. அந்தத் தழும்பு அவருக்கு இன்றைக்கும் இருக்கிறது.

"திருவலை" என்றார். "இது ராணியின்ரை திருவலை."

யோகன் முதல் தரமாக வாயை மூடினான்.

இதைச் சொல்லாமல் மிச்சம் விளங்காது. ராணி அக்காவின் மனிசன் குணம். தொழிலுக்கு ஒரு மர வள்ளம் வைத்திருந்தார். சண்டைக் காலம். மரம், ஆணி ஒன்றும் வாங்கக் கிடைக்காது. வள்ளம் கல்லில் ஏறிப் பலகை ஓட்டையாகிவிட்டது. நவம் அண்ணைதான் வள்ளத்தைப் பலகை பலகையாகக் கழற்றித் திருத்தினார். திரும்பப் பூட்டும்போது மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொரு பலகைக்கும் நுனியில் இலக்கம் வெட்டினார். ஒரு நீட்டு வெட்டு என்றால் இலக்கம் ஐந்து. கட்டை வெட்டு ஒன்று. ஓட்டைக்கு ஒட்டுப்போட மரம் இல்லை. ராணி அக்காவின் குசினியில் தேங்காய் திருவுகிற திருவலை கிடந்தது. பலாப்பலகை. குணம் அதன் இரும்பைக் கழற்றிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு ஓடினார். அக்கா அகப்பையோடு கடற்கரை மட்டும் துரத்தினாவாம். அதன் பிறகு ஊரில் அந்த வள்ளத்துக்கு அதுதான் பெயர், திருவலை திண்ட வள்ளம்.

திருத்தி ஒரு மாதத்தில் குணம் அந்த வள்ளத்தில் போனார். வரவில்லை. வள்ளமும் வரவில்லை.

ஒரு வருசம் போன பிறகு பெரிய ஆட்கள் வந்து இருந்து சொன்னார்கள். கடல் கொண்டுபோயிட்டுது பிள்ளை, செய்ய வேண்டியதைச் செய்வம். நவம் அண்ணையும் அவர்களோடு இருந்தார். ராணி அக்கா எழும்பி நின்று சொன்னா:

"ஒரு பலகையைக் காட்டுங்கோ. ஒரேயொரு பலகை. காட்டினால் அந்த இடத்திலையே பொட்டை அழிக்கிறன்."

ஒருவரும் காட்டவில்லை. அக்காவின் நெற்றியில் பொட்டு நின்றது. வருசம் கனக்கப் போய்விட்டது. தலை வெள்ளையாகிவிட்டது. பொட்டு சிவப்பாகவே நின்றது. அதை அழிக்கச் சொல்லிப் போன ஆட்கள் அதே பதிலோடு திரும்பி வந்தார்கள்.

இப்போது பலகை கிடக்கிறது. நாங்கள்தான் உரித்து வெளியே எடுத்தோம்.

கனடாக்காரர் வெளிறிப்போய்ப் பலகை விற்றவருக்கு உடனே போன் எடுத்தார். கரையோரமாக ஒரு லொறி பழைய பலகை ஏற்றிக்கொண்டு வரும், கழிவு விலைக்கு எடுத்தேன், ஆரென்று கேட்கவில்லை, அந்த லொறிக்காரனும் இப்போது இல்லை என்றாராம் அவர். அந்த வழி அதோடு முடிந்தது.

"சீலரை அடிச்சு மூடுவம் அண்ணை" என்றான் யோகன். மெல்லத்தான் சொன்னான். "எங்களைத் தவிர ஆருக்குத் தெரியும்? அந்த மனுசி இருந்திட்டுப் போகட்டும்."

அண்ணை என்னைப் பார்த்தார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கிறவர் இல்லை. அன்றைக்குக் கேட்டார்.

"சரசு, நீர் என்ன சொல்லுறீர்?"

"கூட்டிக்கொண்டு வாங்கோ."

"காட்டினால் அழிச்சுப்போடுவாள். சொன்னால் சொன்னதுதான் அவள்."

"அழிச்சால் அழிக்கட்டும். பாக்கவேணும் அண்ணை. என்ரை மனிசனை நான் பாத்தனான். எரிச்சனாங்கள். அதாலை எனக்கு நித்திரை வருது."

யோகன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் போனான்.

அவன் வரும்வரை அண்ணை சும்மா இருக்கவில்லை. கையில் சீலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பலகைக்கு மிச்ச வேலையையும் செய்தார். கழுவினார். வினாகிரி ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் தொட்டு வைத்தார். பலகையில் மஞ்சளாகக் கிடந்தது. ஒட்டில் வைத்தார். சிவந்தது. ஒட்டின் பொருத்துக்குள் சோடா நின்றுவிட்டது. திரும்ப வினாகிரியை எடுத்தார். அப்போது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

யோகன் வழியில் சொல்லியிருக்க வேண்டும். ராணி அக்கா நடந்து வந்த விதத்தில் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தில் ஏறினா. கனடாக்காரர் "அம்மா, எனக்குத் தெரியாது அம்மா" என்று தொடங்கினார். அவரைத் தாண்டி வந்தா. பலகையைப் பார்த்தா.

"ஆர் உதுக்குப் பொட்டு வைச்சது?"

அந்தச் சொட்டு ஒட்டின் நடுவில் குங்குமம் மாதிரியே கிடந்தது. எத்தனை கதவில், எத்தனை யன்னலில் அந்தச் சிவப்பைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு அது பொட்டாகத் தெரிந்ததில்லை.

"ஒருத்தரும் வைக்கேல்லைப் பிள்ளை" என்றார் அண்ணை. "சோடா இன்னும் போகேல்லை. அதுதான் சிவப்பு."

அக்கா பலகைக்குப் பக்கத்தில் இருந்தா. திருவலையின் இரும்பு நின்ற அந்தச் சதுர ஓட்டையை விரலால் தடவினா. "எவ்வளவு தேங்காய் திருவினனான் இதிலை" என்றா. சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "களவெடுத்த மனிசன்."

பிறகு கையைத் தூக்கினா. நெற்றிக்குப் பக்கத்தில் போனது. நான் கண்ணை மூடவில்லை. மூட நினைத்தேன்.

கை நெற்றியைத் தொடவில்லை. திரும்பக் கீழே வந்தது. பலகையின் ஓரத்தில் இருந்த ஆணி ஓட்டை ஒன்றில் விரலை வைத்தா. அடுத்ததில் வைத்தா. அதற்கு அடுத்ததில் வைத்தா.

"அண்ணை. இதிலை ஆணி எங்கை?"

அண்ணை வினாகிரி வாளியை நகர்த்தி வைத்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன். நீங்கள் அடிச்ச ஆணி. எங்கை?"

"இழுத்திருக்கு."

"கடல் இழுக்குமோ?"

அண்ணைக்குத் தெரியும். அவர் ஓடாவி. ஓட்டையைக் கண்ட உடனேயே தெரிந்திருக்கும். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அலையில் உடைந்த பலகை ஆணி அடித்த இடத்தில் கிழிந்திருக்கும். இது கிழியவில்லை. ஓட்டை எல்லாம் வட்டமாக, சுத்தமாக இருந்தது. யாரோ நிலத்தில் வைத்து, அவசரமில்லாமல் ஆறுதலாக, ஒவ்வொன்றாக இழுத்திருக்கிறார்கள்.

"கடல் கிழிக்கும்" என்றார் அண்ணை.

"அப்ப வள்ளம் கரைக்கு வந்திருக்கு."

"ஓம்."

"முழுசா வந்திருக்கு."

"ஓம் பிள்ளை."

"அவர்?"

அதற்கு என்ன சொல்வது? வள்ளம் மட்டும் மிதந்து வந்திருக்கலாம். ஆளோடு வந்திருக்கலாம். ஆளை இறக்கிவிட்டு யாரேனும் வள்ளத்தைப் பிடுங்கியிருக்கலாம். அந்த மனுசி அத்தனை வருசமாகக் கடலிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இனிக் கரையில் இருக்கிற ஆட்களிடம் கேட்க வேண்டும். எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. பலகையைக் காட்டினால் முடிந்துவிடும் என்று நான் நினைத்துத்தான் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

"ராணி," என்றார் அண்ணை, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு பலகை எண்டு நீ சொன்னனீ."

"சொன்னனான். உடைஞ்ச பலகை எண்டு நினைச்சுச் சொன்னது. உது உடையேல்லை."

அக்கா எழும்பினா. முழுத் தளத்தையும் ஒரு தரம் பார்த்தா. "மிச்சத்தையும் உரியுங்கோ" என்றா.

உரித்தோம். யோகன் மெசினைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அக்கா ஒவ்வொரு நாளும் வந்து கரையில் குடையோடு இருந்தா. பூசிவிட்டு நிற்கும்போது யோகன் பழக்கதோசத்தில் மட்டையைத் தூக்கினான். "பொறு தம்பி" என்றது அக்கா. அண்ணை இல்லை.

தளத்தில் கனபலகை வேறு வேறு வள்ளத்துப் பலகை. உளி வெட்டு ஒன்பது பலகையில்தான் இருந்தது. கனடாக்காரர் தானே அலவாங்கு பிடித்து அந்த ஒன்பதையும் கிளப்பித் தந்தார். அவருக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்த இடத்துக்கு வேறு பலகை போட்டோம். அது மற்றதோடு நிறம் சேரவில்லை. அவர் அப்படியே விடச் சொன்னார்.

ராணி அக்கா தன் வளவில் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு, கட்டை வைத்து, பலகைகளை இலக்கப்படி அடுக்கியிருக்கிறா. இல்லாத பலகைக்கு வெளி விட்டிருக்கிறா. பலகைக்குப் பலகை வெளி. நான் போனால் அந்த வெளியைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒட்டில் மஞ்சள் சிவந்தபடியே கிடக்கிறது. அண்ணை அதற்குக் கடைசி வினாகிரி ஊற்றவில்லை. வேலையை அரைவாசியில் விட்டு அவரை நான் கண்டது அந்த ஒரு தரம்தான். அக்காவின் பொட்டும் இருக்கிறது.

எனக்கு முழங்கால் போய்விட்டது. வேலையை விட்டேன். மலர் வாசிக்கிற உங்களிடம் என் தேவை இதுதான். பழைய பலகை உங்கள் கைக்கு வரும். மேசையாக வரும், யன்னலாக வரும், கடைத் தட்டாக வரும். உடனே மெசினை வைக்காதேயுங்கோ. மெசின் வெட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். நுனியில் சோடா வைத்துப் பொறுங்கோ. மீன் மணம் வந்தால் குனிந்து பாருங்கோ. நீட்டு வெட்டு என்றால் ஐந்து, கட்டை வெட்டு என்றால் ஒன்று. கண்டால் யோகனுக்குச் சொல்லுங்கோ. விற்றவரிடம் எங்கே வாங்கினது என்றும் கேளுங்கோ.

போன மாதம் நீர்வேலியில் வாழைக்குலை அடுக்குகிற ஒரு தட்டில் யோகன் ஒன்று கண்டான். மூன்று நீட்டு, நான்கு கட்டை, பத்தொன்பதாம் பலகை. கடைக்காரர் சும்மா தந்தார். அக்கா அதை அதன் இடத்தில் வைத்தா.

வள்ளத்துக்கு இருபத்தாறு பலகை. தளத்தில் ஒன்பது. நீர்வேலியில் ஒன்று.

மிச்சம் பதினாறு.